கொலிஸ்டின்: மின்னூட்டத்தை நம்பி வாழும் மருந்து

ஐ.சி.யூ.வில் க்ளெப்சியெல்லா, அசினிடோபாக்டர் போன்ற கிராம் நெகட்டிவ் (உட்சவ்வு, வெளிச்சவ்வு என இரண்டு சவ்வுள்ள) கிருமிகள், வலுவான ஆன்டிபயாடிக்குகளான கார்பபெனம் வகை மருந்துகளுக்கும் மசியாதபோது மருத்துவர்கள் கையிலெடுப்பது கொலிஸ்டின். புது மருந்தல்ல. 1940களின் கடைசியில் ஜப்பானில் ஒரு மண் பாக்டீரியாவிலிருந்து கிடைத்தது. சிறுநீரகத்தைக் கெடுக்கிறதென்று 1970களில் ஓரங்கட்டினார்கள். மற்ற மருந்துகள் தோற்கத் தொடங்கியதும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

பத்து அமினோ அமிலங்கள் கொண்ட சிறு பெப்டைடு அது. ஏழு வளையமாகச் சுற்றியிருக்கும், மூன்று வால்போல் நீண்டிருக்கும், அந்த வாலின் நுனியில் ஒரு கொழுப்பமிலம். பத்தில் ஆறு டையமினோபியூட்டிரிக் அமிலம். அதில் ஒன்று வளையத்தை மூடுவதற்குப் போய்விடுகிறது. உடலின் அமிலத்தன்மையில் மற்ற ஐந்தும் ஆளுக்கொரு நேர்மின்னூட்டம் தாங்கும். மருந்தின் பலமும் பலவீனமும் இந்த ஐந்தில்தான் இருக்கிறது.

கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில், கொழுப்பும் சர்க்கரையும் இணைந்த லிப்போபாலிசாக்கரைடு என்ற மூலக்கூறு நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கிறது. அதன் அடிப்பகுதியான லிப்பிட் ஏ-யில் எதிர்மின்னூட்டமுள்ள பாஸ்பேட்டுகள் உண்டு. ஒன்றையொன்று விலக்கவேண்டிய இவற்றை, செங்கல்லுக்கு நடுவே சிமெண்ட் கலவைபோல, மக்னீசியமும் கால்சியமும் பிடித்து வைத்திருக்கின்றன. கொலிஸ்டின் வந்து அந்த அயனிகளைத் தள்ளிவிட்டு அவற்றின் இடத்தில் உட்காருகிறது. உருவத்தில் பெரியது என்பதால் அடுக்கு குலைகிறது. அதன்பிறகு கொழுப்பமில வால் சவ்வுக்குள் இறங்கி, மருந்து உட்சவ்வு வரை போக வழிவிடுகிறது. உட்சவ்வு கசிந்தால் செல் பிழைக்காது. அங்கேயும் மருந்து தேடிப் பிடிப்பது, வெளிச்சவ்வுக்குப் போகும் வழியில் உட்சவ்வில் தங்கியிருக்கும் லிப்போபாலிசாக்கரைடைத்தான் என்று 2021இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

வாலுக்கும் வேலை இருக்கிறதா? இதே குடும்பத்தைச் சேர்ந்த பாலிமிக்சின் பி-யிலிருந்து கொழுப்பமிலத்தையும் அதையொட்டிய ஒரு அமினோ அமிலத்தையும் வெட்டிப் பார்த்திருக்கிறார்கள். மிஞ்சும் ஒன்பது அமினோ அமிலத் துண்டு வெளிச்சவ்வைத் தளர்த்துகிறது, ஆனால் கொல்வதில்லை. கூடவே ரிஃபாம்பிசின் கொடுத்தால், வழக்கமாக உள்ளே புக முடியாத அந்த மருந்து புகுந்து வேலையை முடிக்கிறது.

நம் செல்களின் வெளிப்பரப்பில் பெரும்பாலும் மின்னூட்டச் சமநிலையுள்ள பாஸ்பாடிடைல்கோலினும் கொலஸ்டிராலும்தான். கொலிஸ்டினுக்கு அங்கே பிடிப்பு குறைவு. சிறுநீரகக் குழாய்ச் செல்கள் மட்டும் வடிகட்டிய மருந்தை மீண்டும் உறிஞ்சி உள்ளே குவித்துக்கொள்கின்றன. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவைத் தொடர்ந்து பார்க்கச் சொல்வது இதனால்தான்.

எதிர்ப்புத்திறன் பெறும் கிருமி செய்வதும் மின்னூட்டத்தைக் குறைப்பதே. லிப்பிட் ஏ-யின் பாஸ்பேட்டில் பாஸ்போஎத்தனாலமினையோ அமினோஅராபினோஸையோ ஒட்டிவிட்டால் மருந்துக்குப் பிடி கிடைக்காது. முதல் வகை ஒட்டலைச் செய்யும் எம்சிஆர்-1 மரபணு, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் பிளாஸ்மிட் என்ற தனி டி.என்.ஏ. துண்டில் இருப்பதாக 2015இல் சீனாவிலிருந்து செய்தி வந்தது. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் கொலிஸ்டின் தருவதை இந்தியா 2019 ஜூலையில் தடைசெய்தது. க்ளெப்சியெல்லாவில் பெரும்பாலும் கெட்டுப்போவது எம்ஜிஆர்பி என்ற மரபணு (தமிழருக்குப் பெயர் மறக்காது). அது போனால் அமினோஅராபினோஸ் ஒட்டும் வேலைக்குக் கடிவாளம் இல்லாமல் போகிறது. அசினிடோபாக்டர் சில சமயம் லிப்போபாலிசாக்கரைடு தயாரிப்பதையே நிறுத்திவிடுகிறது! கொலிஸ்டினிடம் தப்பிக்கிறது, ஆனால் சவ்வு ஓட்டையாகி, இயல்பாக அண்டாத வேறு மருந்துகளுக்கு இடம் கொடுத்துவிடுகிறது.

ஒரு கிருமி கொலிஸ்டினுக்கு மசியுமா என்று ஆய்வகத்தில் சோதிக்கும்போது ஏமாறும் இடங்களும் இதையொட்டியவை. கிருமி வளரும் அகர் தட்டில் மருந்து வில்லையை வைத்துப் பார்க்கும் டிஸ்க் முறை கொலிஸ்டினுக்கு உதவாது, மருந்து அகரில் சரியாகப் பரவுவதில்லை. கிருமி வளர்க்கும் குழம்பில் மருந்தைப் படிப்படியாக நீர்த்துப்போகச் செய்து பார்ப்பதே ஏற்ற முறை. ம்யூல்லர் ஹின்டன் குழம்பில் லிட்டருக்கு கால்சியம் 20–25 மி.கி., மக்னீசியம் 10–12.5 மி.கி. இருக்கவேண்டும். கூடிவிட்டால் அவை மருந்தோடு போட்டியிட்டு, எதிர்ப்புத்திறன் இல்லாத கிருமியையும் இருப்பதாகக் காட்டும். மருந்து பிளாஸ்டிக்கில் ஒட்டும் என்பதால் சிறப்புப் பூச்சில்லாத பாலிஸ்டைரீன் தட்டு வேண்டும், ஒட்டாமலிருக்கப் பாலிசார்பேட்-80 கலக்கவும் கூடாது. சோதனைக்குக் கொலிஸ்டின் சல்பேட் மட்டுமே. ஊசியில் வரும் கொலிஸ்டிமெத்தேட் சோடியத்தில் அந்த ஐந்து நேர்மின்னூட்டங்களும் மூடப்பட்டிருக்கின்றன. உடலில் மெதுவாகச் சிதைந்தால்தான் மருந்தாகும். நோயாளிக்கு முதல் டோஸைப் பெரிதாகக் கொடுப்பதும் அந்தத் தாமதத்தை ஈடுகட்டத்தான்.