பர்சன் சென்டர்ட்: அந்தத் ‘தனி’ எங்கிருந்து வந்தது?

‘பர்சன் சென்டர்ட் பிளானிங்’, அதாவது ஒருவரை நடுவில் வைத்து அவருக்கான உதவிகளைத் திட்டமிடுவது. ஆஸ்திரேலியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான சேவைகள் பக்கம் போனால் இந்தத் தொடர் ஒரு நாளைக்குப் பத்து தடவை காதில் விழும். தமிழில் இதைப் பல இடங்களில் ‘தனிநபர் மையத் திட்டமிடல்’ என்று பார்க்கிறேன். எனக்கு அந்தத் ‘தனி’தான் உறுத்துகிறது. ஆங்கிலத்தில் இல்லாத சொல் அது, நாமாகச் சேர்த்தது. அதிலும், உடலில் பல சிக்கல்கள் உள்ள ஓர் அபோரிஜினல் (ஆஸ்திரேலிய முதற்குடி) மனிதருக்குத் திட்டம் போடும்போது அந்த ஒரு சொல் மொத்த அர்த்தத்தையும் கவிழ்த்துவிடும்.

முதலில் வேர். ‘பர்சன்’ லத்தீன் ‘பெர்சோனா’விலிருந்து வந்தது, நாடகக்காரர் மாட்டிக்கொள்ளும் முகமூடி என்று பொருள். ‘சென்டர்’ கிரேக்க ‘கென்ட்ரோன்’. கூரான முள், மாட்டைக் குத்தி ஓட்டும் தாற்றுக்கோலின் முனை, அப்புறம் கவராயத்தின் ஊன்றிய முள். இந்தக் கடைசிப் பொருளைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் கவராயம் பிடித்தவர்களுக்குத் தெரியும், முள்ளை மட்டும் குத்திவிட்டு எடுத்தால் தாளில் ஓர் ஓட்டைதான் மிஞ்சும். சுற்றி வட்டம் போட்டால்தான் அது மையம்.

இரண்டையும் சேர்த்துப் பிரபலமாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். 1940களில் ‘நோயாளி’ என்ற சொல்லைத் தள்ளிவிட்டு ‘கிளையன்ட்’ என்றார், 1951ல் தன் முறைக்கே ‘கிளையன்ட் மைய’ என்று பெயர் வைத்தார், பிற்பாடு அதுவும் போதாமல் ‘பர்சன்’ என்று மாற்றினார். அது ஆலோசனை அறை சமாச்சாரம். திட்டமிடலுக்குள் இந்தச் சொல் நுழைந்தது வட அமெரிக்காவில், 1980களில். பெரிய பெரிய காப்பகங்களில் அடைபட்டிருந்தவர்கள் ஊருக்குள் திரும்பி வந்த காலம் அது. ஜான் ஓபிரையன், பெத் மவுண்ட் போன்றவர்கள் ‘இவருக்கு எந்தச் சேவை காலியாக இருக்கிறது’ என்று கேட்பதை விட்டுவிட்டு ‘இவர் எப்படி வாழ நினைக்கிறார்’ என்று கேட்கத் தொடங்கினார்கள். கனடாவில் மாற்றுத்திறனாளியான ஜூடித் ஸ்னோவைச் சுற்றி அவருடைய நண்பர்கள் ஒரு வட்டமாகக் கூடினார்கள், ‘துணை வட்டம்’ என்ற கருத்து அப்படித்தான் பரவியது. ஆக, இதை உருவாக்கியவர்களே வட்டத்தோடுதான் உருவாக்கினார்கள். காப்பகத்தில் கிடந்து உறவெல்லாம் அறுந்துபோனவருக்கு அந்த வட்டத்தைப் புதிதாக வரைய வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியாவில் 2013ல் சட்டமான தேசிய இயலாமைக் காப்பீட்டுத் திட்டம், எல்லாரும் சொல்வதுபோல் என்டிஐஎஸ், இந்தச் சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. பணம் நிறுவனத்துக்கு மொத்தமாகப் போகாது, ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு திட்டம், அதற்கு ஒரு தொகை. நல்ல மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் ‘பர்சன்’ என்ற சொல் படிவத்துக்குள் வந்ததும் ஒரு பெயர், ஒரு எண், ஒரு கையெழுத்து என்று சுருங்கிவிட்டது. முள் இருக்கிறது, வட்டம் காணோம்.

‘அபோரிஜினல்’ என்பதையும் பார்த்துவிடலாம். லத்தீனில் ‘அப் ஒரிஜினே’, தொடக்கத்திலிருந்தே என்று பொருள். ‘அபோரிஜின்’ என்று பெயர்ச்சொல்லாக எழுதுவதை இன்று இழிவாகப் பார்க்கிறார்கள், தவிர்த்துவிடுங்கள். தமிழில் ‘பழங்குடி’ என்றால் இட ஒதுக்கீட்டுப் பட்டியல்தான் மனதில் வருகிறது. ‘முதற்குடி’, ‘தொல்குடி’ இரண்டும் தேவலை. டோரஸ் நீரிணைத் தீவினர் தனி மக்கள், அவர்களை இதற்குள் போட்டு அடைக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட நல்லது, அந்தந்த மக்களின் சொந்தப் பெயரைச் சொல்வது.

உதாரணத்துக்கு அனிந்தில்யாக்வா மக்கள். கார்ப்பென்டேரியா வளைகுடாவில் இருக்கும் க்ரூட் ஐலண்ட் அவர்களுடைய இடம். மச்சாடோ ஜோசப் நோய் என்ற பரம்பரை நரம்பு நோய் அங்கே சில குடும்பங்களை விடாமல் துரத்துகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு, பெரும்பாலும் அடுத்த தலைமுறையில் இன்னும் இளவயதிலேயே தொடங்கிவிடும். நடை தள்ளாடும், தெரியாதவர்கள் குடித்திருக்கிறார் என்று நினைப்பார்கள், பிறகு பேச்சு குழறும், விழுங்க முடியாது, கண் அசைவு மாறும், ஆனால் அறிவு பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். ‘காம்ப்ளெக்ஸ் டிசபிலிட்டி’ என்று துறைக்காரர்கள் சொல்வது இந்த மாதிரி நிலையைத்தான். ‘சிக்கலான மாற்றுத்திறனாளி’ என்று மொழிபெயர்த்தால் ஆளே சிக்கல் பிடித்தவர் என்று ஆகிவிடும்! ‘பின்னிக் கிடக்கும் இயலாமைகள்’ என்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

சரி, இந்தத் தீவில் நாற்பது வயதில் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சக்கர நாற்காலி வந்துவிட்டது, பேச்சு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. டார்வின் நகரத்திலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல் பறந்து வரும் திட்ட அலுவலர் ‘உங்கள் இலக்கு என்ன?’ என்று கேட்கிறார். பதில் வர நேரமாகிறது. பல அபோரிஜினல் சமூகங்களில் அமைதி பேச்சின் ஒரு பகுதி, அவசரப்பட்டு அதை நிரப்ப மாட்டார்கள். அலுவலர் பொறுமையில்லாமல் ‘டார்வினில் நல்ல வீடு இருக்கிறது, போகிறீர்களா?’ என்று கேட்டால் ‘ம், சரி’ என்று பதில் வரலாம். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டால் போச்சு. கேள்வி நின்றால் போதும் என்று, அல்லது மரியாதைக்காக, ஆமாம் போடும் இந்தப் பழக்கத்தை ஆஸ்திரேலிய மொழியியலாளர்கள் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். நம் ஊரில் தாசில்தார் முன்னால் ‘சரிங்க ஐயா’ சொல்லித் தலையாட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அடுத்து உறவு. நமக்கு அம்மாவின் அக்கா பெரியம்மா, தங்கை சின்னம்மா, இரண்டிலும் அம்மா இருக்கிறாள். பல அபோரிஜினல் உறவுமுறைகளில் அந்தப் பெரிய, சின்னகூடக் கிடையாது, அம்மாவின் சகோதரியும் அம்மாதான். (திராவிட உறவுமுறையையும் ஆஸ்திரேலிய உறவுமுறைகளையும் மானிடவியலாளர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நெடுநாள் வழக்கம்.) இந்த விரிவில் யார் யாரைத் தொடலாம், யார் யாரோடு நேரில் பேசக் கூடாது என்ற முறையும் உண்டு. மாமியார் முறையுள்ள பெண் மருமகன் முறையுள்ளவரிடமிருந்து விலகி நிற்பது பரவலான வழக்கம். உள்ளூரிலேயே ஒரு பெண்ணை வேலைக்கு வைத்துவிட்டோம் என்று நிறுவனம் சந்தோஷப்படலாம், அவர் இவருக்கு மாமியார் முறை என்றால் குளிப்பாட்டிவிடுவது நடக்கிற காரியமா? குடும்பத்தினருக்குச் சம்பளம் கொடுப்பதையும் என்டிஐஎஸ் விதிவிலக்கான சூழலில் மட்டும்தான் ஏற்கிறது. ஊரே உறவாக இருக்கும் தீவில் ‘குடும்பத்தில் இல்லாத ஆள்’ யார் என்று கண்டுபிடிப்பதே பெரிய வேலை.

அப்புறம் மண். அபோரிஜினல் ஆங்கிலத்தில் ‘கன்ட்ரி’ என்பது நிலமும் நீரும் முன்னோரும் கதைகளும் சேர்ந்த ஒன்று. கொங்குநாடு, வேணாடு என்ற பழைய வழக்கில் ‘நாடு’ ஓரளவு பொருந்தும், இன்றைக்கு அப்படி எழுதினால் பாஸ்போர்ட் ஞாபகம் வரும், ‘சொந்த மண்’ மேல். 1989ன் தேசிய அபோரிஜினல் உடல்நல உத்தி ‘நலம்’ என்பதை ஒருவரின் உடல்நலத்தோடு நிறுத்தாமல் மொத்தச் சமூகத்தின் சமூக, மன, பண்பாட்டு நலம் என்று வரையறுத்தது. குழந்தைகளைக் குடும்பத்திடமிருந்து அரசே பிரித்துக்கொண்டு போன வரலாறு உள்ளவர்களிடம், ‘சிகிச்சைக்காக ஊரைவிட்டு வாருங்கள்’ என்ற வாக்கியம் வெறும் மருத்துவ யோசனையாகக் கேட்காது.

இனி தமிழ்ச் சொல். ‘தனிநபர் மைய’ வேண்டாம், காரணம் சொல்லியாகிவிட்டது. ‘பயனாளி மைய’ என்றால் கையேந்தி நிற்பவர் ஆகிவிடுகிறார். ‘மனித மைய’ வேறு எங்கோ போகிறது. ‘நபர்’ அரபியிலிருந்து வந்தது, அதில் குறையில்லை, ஆனால் காவல்துறைச் செய்திக்குறிப்பு வாடை அடிக்கிறது. என் தேர்வு ‘ஆள்’. கொச்சை என்று முகம் சுளிக்க வேண்டாம். ‘ஆள்’ என்பதே ஆளுவதற்கான வினையும்கூட. ‘ஆளடிமை’ என்ற பழைய வழக்கில் அதே சொல் இன்னொருவருக்குக் கட்டுப்பட்டவரையும் குறித்தது. காப்பகம் கண்டவர்களின் கதை அந்த இரண்டு பொருளுக்கும் இடையில்தான் இருக்கிறது. ‘சப்போர்ட்’டுக்குப் ‘பராமரிப்பு’ வேண்டாம், கட்டடத்துக்கும் அதைத்தான் சொல்கிறோம். ‘துணை’ போதும். ஆவணத்தில் ‘ஆள்மையத் துணைத் திட்டம்’, பேச்சில் ‘அவரை நடுவில் வைத்து, அவர் உறவோடும் மண்ணோடும் போடுகிற திட்டம்’. நீளம்தான், பரவாயில்லை.

கடைசியாக ‘கோல்’ என்ற ஆங்கிலச் சொல். இலக்கு, குறிக்கோள் என்று எது வேண்டுமானாலும் எழுதுங்கள், ஆனால் அந்தத் தீவுக்காரர் ‘மச்சானோடு கடற்கரைக்குப் போய் மீன் பிடிக்கணும்’ என்று சொன்னால் அதைச் ‘சமூகப் பங்கேற்பை மேம்படுத்துதல்’ என்று மொழிபெயர்க்காதீர்கள். மணலில் புதையாத அகலச் சக்கர நாற்காலி, எச்சிலும் உணவும் புரையேறினால் என்ன செய்வது என்று தெரிந்த ஓர் ஆண் துணையாளர், மச்சானின் வண்டிக்கு பெட்ரோல் என்று கணக்கு அந்த ஒரு வரியிலிருந்துதான் கிளம்பும். 2013 சட்டமும் இலக்குகள் பகுதியைப் பங்கேற்பாளர் தயாரிக்கும் கூற்று என்றுதான் சொல்கிறது.