கடைசி இரண்டு வயலின்கள்

“அந்த இரண்டு பேரும் கடைசியில் உண்மையாகவே வாசித்தார்களா, இல்லை வில்லை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்களா, டாக்டரம்மா?”

புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குப் பின்னால் இருக்கும் ஒரு பழைய பிரெஞ்சு வீட்டுக் கூடத்தில், கச்சேரி முடிந்து நாற்காலிகள் நகரும் சத்தத்துக்கு நடுவே ஒரு பெரியவர் என்னிடம் இப்படிக் கேட்டார். அவருக்கு 72 வயது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பஞ்சாலையில் தறி ஓட்டியவர். அவருடைய மனைவிக்குக் காது மிஷின் பொருத்தியவள் நான் என்பதால் என்னைத் தெரியும். அன்றைய இசைக்குழுவில் அவருடைய பேத்தி, வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலாவை வாசித்தாள். அவளைப் பார்ப்பதற்காகவே இஸ்திரி போட்ட வேட்டி சட்டையுடன் முத்தியால்பேட்டையிலிருந்து வந்திருந்தார்.

அவர்கள் வாசித்தார்கள். நான் கேட்டேன். அவருக்கு மட்டும் கேட்கவில்லை. அத்தனை பேர் நடுவில் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “வாசித்தார்கள் ஐயா. இந்த வாரம் ஒருமுறை கிளினிக் பக்கம் வந்துவிட்டுப் போங்கள்” என்றேன். அவர் கையசைத்து மறுத்தார். “வெள்ளைக்காரர் சங்கீதம் நமக்கு எங்கே பிடிபடப் போகிறது! எனக்கு ரசிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.”

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தக் கடைசி வார்த்தைதான். செவித்திறன் நிபுணராக இந்த ஊரில் 18 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பாட்டில் பழைய ருசி இல்லை, கச்சேரிக்குப் போவதையே விட்டுவிட்டேன், வயதாகிவிட்டது என்று எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எல்லோரும் தங்கள் ரசனையின் மீதே பழி போட்டுக்கொள்கிறார்கள். அவர்களில் பலரைப் பரிசோதித்துப் பார்த்தால், ரசனை அப்படியே இருக்கிறது. தேய்ந்திருப்பது காது.

அன்று வாசிக்கப்பட்டது ஜோசப் ஹைடனின் 45ஆவது சிம்பொனி. ‘பிரியாவிடை’ என்ற பெயரில் உலகம் முழுவதும் அறியப்பட்டது. ஹைடன் எஸ்டர்ஹாசி இளவரசரின் அரண்மனையில் இசைக்குழுத் தலைவராக இருந்தவர். 1772இல் இளவரசர் தம் கோடைகால மாளிகையில் வழக்கத்தைவிட நீண்ட நாள் தங்கிவிட்டார். குடும்பத்தை ஐசன்ஸ்டாட் ஊரில் விட்டு வந்த இசைக் கலைஞர்கள் வீடு திரும்ப ஏங்கினார்கள். முதலாளியிடம் நேரே கேட்க முடியாது. ஹைடன் அதை இசையிலேயே கேட்டார். சிம்பொனியின் கடைசிப் பகுதி வேகமாக ஓடி முடிந்துவிட்டது என்று எண்ணும் நேரத்தில் மெதுவான ஓர் இசை தொடங்கும். அதில் கலைஞர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பங்கை முடித்து, மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு எழுந்து போவார்கள். மறுநாளே அரண்மனைக் கூட்டம் ஊர் திரும்பியது என்று சொல்வார்கள்.

இதை நூறு பேர் கொண்ட குழு வாசித்தும் கேட்டிருக்கிறேன், ஒலிப்பதிவாக. சிறிய குழுவில் கேட்பது வேறு அனுபவம். அன்று மேடையில் 16 பேர்: ஊதும் வாத்தியங்களாக இரண்டு ஓபோ, ஒரு பசூன், இரண்டு ஹார்ன், மீதி எல்லாம் தந்தி வாத்தியங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த சிலரும், இங்கேயே கற்றுக்கொண்ட இளைஞர்களும் சேர்ந்த குழு. ஹைடனிடம் அன்று இருந்ததும் ஏறக்குறைய இந்த அளவுள்ள குழுதான். வயலின்கள் ஏழே இருந்தால் முதல் வயலின்கள் என்ன சொல்கின்றன, இரண்டாம் வயலின்கள் அதற்கு என்ன பதில் தருகின்றன என்பது தனித்தனியாக விளங்கும். வில் ஏறுவதும் இறங்குவதும் கண்ணுக்குத் தெரியும். கண் பார்த்ததைக் காது எளிதில் பிடித்துக்கொள்ளும். தந்தி வாத்தியங்களில் மிகப் பெரியதும் தாழ்ந்த ஒலி தருவதுமான டபுள் பாஸை வாசித்தவர் தம் தனி வாசிப்பை முடித்து, நின்றுகொண்டிருந்த இடத்திலிருந்து விலகியபோது, தரைக்கு அடியிலிருந்து எதையோ உருவி எடுத்ததுபோல் கூடம் லேசாகிவிட்டது. கேள்விக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சிறிய குழுவையே நான் எப்போதும் பரிந்துரைப்பது இதனால்தான். பெருங்குழுவின் முழக்கத்தில் ஒலிகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, தேய்ந்த காதுக்கு எல்லாம் கூழாகிவிடும்.

முதலில் ஓபோ, ஹார்ன், பிறகு பசூன், மற்ற ஓபோவும் ஹார்னும், டபுள் பாஸ், செல்லோ, வயலின்கள், வியோலா. ஒவ்வொருவரும் எழும்போது தம் முன்னால் இருந்த சிறு விளக்கை அணைத்தார்கள். பேத்தி விளக்கை அணைத்துவிட்டுப் போனாள். மீதி இருந்தது இரண்டு வயலின்கள் மட்டுமே. அவற்றின் குதிரை மேல், அதாவது தந்திகளைத் தாங்கும் சிறு மரத்துண்டின் மேல், ஒலியடக்கி செருகப்பட்டிருக்கும். அந்த ஒலியடக்கி வயலினின் பளபளப்பான மேல் ஒலிகளை விழுங்கிவிட்டு, மெல்லிய அடித்தொனியை மட்டும் வெளியே விடும். ஆரோக்கியமான காதே முன்னால் குனிந்து கேட்க வேண்டிய அளவுக்கு மெலிந்த ஒலி. தலைக்கு மேல் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பெரியவரின் காதில் அந்த விசிறி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

பத்து நாள் கழித்துப் பேத்தி அவரை அழைத்து வந்தாள். வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி நியாயமானது. “மணக்குள விநாயகர் கோயிலில் நாதஸ்வரம் வாசித்தால் தெருமுனையிலேயே எனக்குக் கேட்கிறது. காதில் குறை என்றால் அது எப்படிக் கேட்கும்?”

பலரும் ஏமாறும் இடம் இது. வயதாலும் இரைச்சலாலும் வரும் குறைபாடு, ரேடியோவின் ஒலியைக் குறைப்பதுபோல் எல்லாவற்றையும் சமமாகக் குறைப்பதில்லை. உள்காதில் நத்தைக்கூடு போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் ஒலியை உணரும் ஏறக்குறைய 15,000 மயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. வாசலை ஒட்டி இருப்பவை கீச்சென்ற உயர்ந்த ஒலிகளுக்கு, உள்ளே ஆழத்தில் இருப்பவை தாழ்ந்த ஒலிகளுக்கு. சேதம் பெரும்பாலும் வாசல் பக்கத்தில்தான் தொடங்குகிறது. மனிதருக்கு இந்த அணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே பலமாக ஒலிக்கும் தவிலும் நாதஸ்வரமும் தாராளமாகக் கேட்கும். மெல்லிய ஒலியும், ஒலிகளின் ஓரக் கூர்மையும் மட்டும் காணாமல் போகும். இது போதாதென்று, மெல்லியது கேட்காத அதே காதுக்குப் பலத்த ஒலி சட்டென்று தாங்க முடியாததாகவும் இருக்கும். “சத்தமாகப் பேசு” என்று சொன்னவரே அடுத்த நிமிடம் “ஏன் கத்துகிறாய்?” என்று கோபித்துக்கொள்வது இதனால்தான். வீட்டில் இருப்பவர்கள் இதைப் பிடிவாதம் என்று எண்ணிவிடுகிறார்கள்.

ஒலிபுகா அறையில் உட்கார வைத்துப் பரிசோதித்தேன். தாழ்ந்த ஒலிகள் நன்றாகவே இருந்தன. ஒலியின் உயரத்தை ஹெர்ட்ஸிலும் பலத்தை டெசிபலிலும் குறிக்கும் வரைபடத்தில், 2000 ஹெர்ட்ஸில் கோடு இறங்கத் தொடங்கியது. 4000இல் 65 டெசிபலில் போய் விழுந்தது; அவ்வளவு பலமாக ஒலித்தால்தான் அவருக்குக் கேட்கும். 8000இல் சற்று மேலேறியது. அந்தப் பள்ளம் இரைச்சல் விட்டுச்சென்ற கைரேகை. 85 டெசிபல் இரைச்சலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்பதையே பாதுகாப்பின் எல்லையாகக் கொள்கிறோம். அதற்கு மேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகக் குறையும். தறிக்கூடங்களில் 95 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அவர் வேலை செய்த காலத்தில் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்களாம். பஞ்சு பெரிதாக எதையும் தடுக்காது.

இன்னொன்றும் அவரே சொன்னார். தறிக்கூடத்தில் யாரும் குரலால் பேசுவதில்லை, உதட்டையும் கையையும் பார்த்தே பேச்சு நடக்கும் என்று. அந்தப் பழக்கம் அவரிடம் அப்படியே இருக்கிறது. வீட்டிலும் எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தே பாதிப் பேச்சைப் புரிந்துகொண்டுவிடுகிறார். அதனால்தான் மனைவியின் காதுக்கு வைத்தியம் பார்த்த அந்தக் குடும்பம் இவருடைய காதைக் கவனிக்கவில்லை. இசைக்கு உதடு இல்லையே. அங்கேதான் குட்டு வெளிப்பட்டது.

1802ஆம் ஆண்டு அக்டோபரில் பீத்தோவன் தம் சகோதரர்களுக்கு எழுதி, அனுப்பாமல் வைத்திருந்த ஒரு கடிதம் இருக்கிறது. பக்கத்தில் நின்றவர் தூரத்துப் புல்லாங்குழலைக் கேட்கிறார், தமக்கு ஒன்றும் கேட்கவில்லை என்ற அவமானத்தை அதில் எழுதியிருக்கிறார். அப்போது அவருக்கு 31 வயது. பீத்தோவனின் வாழ்க்கையை உருகி எழுதிய பிரெஞ்சு எழுத்தாளரின் பெயரில்தான் நம் ஊர் ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அந்தப் புல்லாங்குழல் எனக்கு நினைவுக்கு வரும். மேதைக்கே அதை வெளியில் சொல்லக் கூச்சமாக இருந்தது என்றால், தறி ஓட்டியவர் “ரசிக்கத் தெரியவில்லை” என்று மூடி மறைத்ததில் வியப்பில்லை.

அன்றைய கச்சேரிக்கு என்னிடம் வரும் இன்னொருவரும் வந்திருந்தார். ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியை. சிறு வயதிலிருந்தே மேற்கத்திய இசை கேட்டு வளர்ந்தவர். இரண்டு காதிலும் நல்ல டிஜிட்டல் கருவி. இரண்டாம் பகுதியிலேயே கருவிகளைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். “ஓபோ நடுங்குகிறது, வயலின் தகரத்தைச் சுரண்டுகிறது” என்றார். இதில் தவறு என்னுடையது. கருவியைப் பொருத்தியபோது வீட்டில் யார் யார், தொலைபேசியில் பேசுவீர்களா, சந்தைக்குப் போவீர்களா என்றெல்லாம் கேட்டேன். இசை கேட்பீர்களா என்று கேட்கவில்லை.

காது கேட்கும் கருவி பேச்சுக்காகச் செய்யப்பட்டது. அதற்குள் இருக்கும் கணினி, விடாமல் நீளும் ஒரே சுருதியை மிஷினின் ‘கூ’ என்ற விசில் சத்தம் என்று தவறாக எண்ணி அதை அடக்கப் பார்க்கும். ஓபோவின் நீண்ட சுருதி அப்படித்தான் நடுங்கிப் போகிறது. சீராக ஒலிக்கும் செல்லோவை விசிறிச் சத்தம் என்று கருதிக் குறைத்துவிடும். மெல்லியதை உயர்த்தி, பலத்ததைத் தாழ்த்தி இரண்டையும் நெருக்கிவிடும். மெலிவுக்கும் முழக்கத்துக்கும் இடையிலான தூரத்தில்தானே சிம்பொனியின் உயிரே இருக்கிறது! ஆகவே கருவி வைத்திருப்பவர்கள் தங்கள் நிபுணரிடம் இசைக்கென்று தனி அமைப்பு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். விசில் தடுப்பையும் இரைச்சல் குறைப்பையும் நிறுத்திவைத்து, ஒலியை நெருக்குவதைத் தளர்த்தி, பலத்த ஒலி உடையாமல் உள்ளே வரும்படி செய்யச் சொல்லுங்கள். இன்றைய கருவிகள் பலவற்றில் இதற்குக் கூடுதல் செலவு இல்லை. அரைமணி நேரமும் ஒரு பாட்டும் போதும். பழைய கருவியாக இருந்து பலத்த இசை கரகரத்தால், அதன் மைக்கின் மீது ஒரு துண்டு செல்லோ டேப் ஒட்டிப் பாருங்கள். உள்ளே போகும் ஒலி குறைந்து கரகரப்பு அடங்கும். குறைபாடு லேசாக இருந்து இசை பலமாக இருந்தால், சில சமயம் கருவியைக் கழற்றி வைப்பதே நல்லது. ஆசிரியை செய்தது முழுத் தவறும் அல்ல.

எங்கே உட்காருவது என்று கேட்கிறார்கள். மூன்றாம், நான்காம் வரிசை. விசிறிக்கும் ஏசிக்கும் நேர்க்கீழே வேண்டாம். நம் பழைய வீட்டுக் கூடங்களில் உயரமான கூரையும் தளவோடும் சேர்ந்து எதிரொலி நிறைய இருக்கும். பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தால் நேராக வரும் ஒலியைவிட எதிரொலியே அதிகம் வந்து சேரும். கச்சேரி நடத்துபவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: மெல்லிய பகுதிகளில் விசிறியை நிறுத்திவிடுங்கள். ஐந்து நிமிட வியர்வையை எல்லோரும் பொறுத்துக்கொள்வார்கள்.

60 வயதைக் கடந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் கேள்விக் குறைபாடு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அரசு மருத்துவமனையிலோ ஜிப்மரிலோ காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் முதலில் காட்டுங்கள். வெறும் அழுக்கு அடைப்பாகக்கூட இருக்கலாம். எண்ணெய் ஊற்றாதீர்கள். ஒரு காது திடீரென்று, ஒரே நாளில் கேட்காமல் போனால் அது அவசரம். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், நாள் கடந்தால் மருந்து வேலை செய்யும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

பெரியவருக்குக் கருவி பொருத்தி இரண்டு மாதம் ஆகிறது. முதல் வாரம் பாத்திரம் கழுவும் சத்தமே இடி மாதிரி இருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். பேத்தி விடவில்லை. தினமும் சிறிது நேரம் அவருக்கு முன்னால் உட்கார்ந்து வியோலாவில் தன் பகுதியை மட்டும் வாசித்துக் காட்டியிருக்கிறாள். இழந்தது எல்லாம் திரும்பிவிடவில்லை. திரும்பாது என்பதையும் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

சென்ற வாரம் இசை அமைப்பைச் சரிபார்க்க வந்தபோது, கிளினிக்கில் அந்தக் கடைசிப் பகுதியின் ஒலிப்பதிவைப் போட்டேன். விசிறியை நிறுத்தச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டார். ஓபோ போனது, ஹார்ன் போனது, டபுள் பாஸ் போனது; அவர் அசையவில்லை. வயலின்கள் குறைந்தன. வியோலா தனி வாசிப்பு எதுவும் இல்லாமல் சத்தமின்றி விலகும் இடம் ஒன்று வரும். பழகிய காதுகளே அதைத் தவறவிடும். அந்த இடம் கடந்த ஒரு நொடிக்குப் பிறகு அவருடைய ஆள்காட்டி விரல் மெல்ல உயர்ந்தது.

“இப்போது அவள் விளக்கை அணைத்துவிட்டாள்” என்றார்.