முதலில் கேட்க வேண்டியது ‘எப்போது?’

புதன்கிழமை எங்கள் துணை சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள். குழந்தைக்கு ஒன்பதாம் மாத ஊசி போட்டு முடித்த பிறகும் அந்தப் பெண் கிளம்பவில்லை. அட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றாள். கூட்டம் குறைந்ததும் கிட்டே வந்து, "சிஸ்டர், நாள் தள்ளிப்போகாம இருக்க ஏதாச்சும் மாத்திரை இருக்கா?" என்றாள். கணவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. மூன்று மாதம் கழித்து சனிக்கிழமை வந்து ஞாயிறே திரும்பிவிட்டார். ஆணுறை கிழிந்துவிட்டது. பால் கொடுப்பதால் ஒன்றும் ஆகாது என்று மாமியார் சொன்னாராம்.

பால் கொடுப்பது காப்பாற்றும்தான். ஆனால் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல், தாய்ப்பால் மட்டுமே குடித்து, அம்மாவுக்கு மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால்தான். இவளுக்குப் போன மாதமே மாதவிலக்கு வந்துவிட்டது. விரல்விட்டு எண்ணினேன். சனி இரவு பத்து மணியிலிருந்து புதன் காலை பத்து வரை 84 மணி நேரம்.

அவசரக் கருத்தடை மாத்திரை என்பது லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே ஒரு மாத்திரை. அரசு நிலையங்களில் ‘ஈசி பில்’ என்று இலவசமாகக் கிடைக்கிறது. உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். இந்த 72 என்ற எண்தான் பலரை ஏமாற்றுகிறது. கடைசி பஸ்ஸைப் பிடிப்பதுபோல 70ஆவது மணி நேரத்தில் வருகிறார்கள். மாத்திரை செய்யும் வேலை கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவது. முட்டை வந்துவிட்டால் அதனால் பெரிதாகப் பயன் இல்லை. அதனால் முதல் நாளே போடுவதுதான் நல்லது. ஏற்கெனவே தங்கிவிட்ட கருவை இது கலைக்காது, கெடுக்கவும் செய்யாது. கருக்கலைப்பு மாத்திரைகளான மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் முற்றிலும் வேறு. அவற்றை மருத்துவர் மேற்பார்வையில்தான் எடுக்க வேண்டும். கடைக்காரர் சீட்டு இல்லாமல் கொடுப்பதை வாங்கி விழுங்கிவிட்டு ரத்தப்போக்கோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

84 மணி நேரத்தில் மாத்திரை அறவே வீண் என்று சொல்ல முடியாது, ஆனாலும் நம்பி அனுப்ப மனம் வரவில்லை. அவளுக்கு ஏற்றது கருப்பைக்குள் பொருத்தும் காப்பர் டி. ஐந்து நாளுக்குள் பொருத்தினால் அவசரக் கருத்தடையில் இதைவிட உறுதியானது எதுவும் இல்லை, நூறு பெண்களில் ஒருவருக்குக்கூடக் கரு தங்குவது அரிது. 380ஏ வகை பத்து வருடம், 375 வகை ஐந்து வருடம் அப்படியே கருத்தடையாக நீடிக்கும். சிறுநீர்ப் பரிசோதனை செய்தேன், கர்ப்பம் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன் செய்தேன். பயிற்சி பெற்ற செவிலியர் அன்று பணியில் இருந்தார். ஷேர் ஆட்டோவில் அனுப்பினேன், மதியமே பொருத்திவிட்டார்கள். மாமியார் குழந்தையோடு வெளியே உட்கார்ந்திருந்தார். அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

மாத்திரை கொடுக்கும்போது நாம் கேட்க மறப்பது வேறு மருந்துகளைப் பற்றி. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின் எடுப்பவர்களுக்கு ஒரு மாத்திரை போதாமல் போகலாம். அவர்களுக்கும் காப்பர் டி தான் முதல் தேர்வு. முடியாவிட்டால் மருத்துவரிடம் கேட்டு அளவைக் கூட்ட வேண்டும். உடல் எடை அதிகம் உள்ளவர்களுக்கும் மாத்திரையின் பலன் குறையும். போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். அப்புறம், மாத்திரை நடந்துவிட்ட உறவுக்குத்தான், மறுநாளைய உறவுக்கு அது காவல் இல்லை. எதிர்பார்த்த தேதிக்கு மேல் ஒரு வாரம் தள்ளினால் சிறுநீர்ப் பரிசோதனை கட்டாயம். அடிக்கடி இதையே கேட்டு வருபவரைத் திட்ட வேண்டாம், தொடர் கருத்தடைக்கான சாயா மாத்திரையோ அந்தரா ஊசியோ வேண்டுமா என்று கேட்டால் போதும்.

ஈசி பில் இருப்பு தீர்ந்திருந்தால்? தினசரி கருத்தடை மாத்திரையான மாலா-என் பட்டையில் ஹார்மோன் மாத்திரை நான்கு உடனே, பன்னிரண்டு மணி நேரம் கழித்து நான்கு. கூடவே இருக்கும் இரும்புச்சத்து மாத்திரை இதற்கு உதவாது. குமட்டல் அதிகம், பலனும் கொஞ்சம் குறைவு, ஆனாலும் வெறுங்கையோடு அனுப்புவதைவிட மேல்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். "அக்காவுக்குக் கேட்டாங்க" என்றாள். "அக்காவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? ஏன் அவங்க வரல?" என்று நான் ஆரம்பித்தேன். நோட்டை எடுத்துப் பெயர் எழுதத் திரும்பியபோது வாசலில் அவள் செருப்பு இல்லை. மாத்திரை என் மேசை டிராயரிலேயே இருந்தது. நாட்டில் மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக்கூடிய மாத்திரை இது. ஆனால் எங்கள் பக்கம் மருந்துக்கடையில் கேட்டால் இல்லை என்பார்கள், இல்லாவிட்டால் மேலும் கீழும் பார்ப்பார்கள். அங்கே பட்ட பார்வையைத்தான் நானும் அவளுக்குக் கொடுத்தேன்.

வல்லுறவுக்கு ஆளானவர் வந்தால் காவல்துறை வரட்டும் என்று காக்க வைக்கக் கூடாது. எந்த மருத்துவமனையும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். அவசரக் கருத்தடையும் அந்தச் சிகிச்சையில் ஒரு பகுதி. புகாரும் தடயத்துக்கான மாதிரி சேகரிப்பும் கூடவே நடக்கலாம், மாத்திரை அவற்றுக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

இப்போது ஊர்களுக்குப் போகும் புதன்கிழமைகளில் தடுப்பூசிப் பெட்டியோடு ஈசி பில் இரண்டு பட்டையும் என் பையில் இருக்கும். எல்லோரும் போன பிறகும் அட்டையை மடித்துக்கொண்டு நிற்பவருக்காக ஒரு கால்மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருப்பேன்.