‘சாப்பிடாதீர்கள்’ என்று யாருக்காக அச்சிடுகிறார்கள்?

புதுச் செருப்புப் பெட்டிக்குள் கிடக்கும் சின்னப் பொட்டலத்தில் ‘சாப்பிடாதீர்கள்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரிக்காதவர் குறைவு. இதைப் போய் யார் தின்பார்கள்? தவழும் குழந்தை தின்னும். கண் மங்கிய பாட்டி மசாலா பாக்கெட் என்று நினைத்துப் பிரித்துவிடலாம். எச்சரிக்கை எழுதுபவர்கள் கணக்கில் வைப்பது இந்த மாதிரித் தவறுகளைத்தான், கெட்டிக்கார வாடிக்கையாளரை அல்ல.

பொட்டலத்தில் பெரும்பாலும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இருக்கும். அது நஞ்சில்லை, குழந்தையின் தொண்டையில் சிக்கிவிடுமோ என்பதே பயம். மணிகள் நீலமாக இருந்தால் கோபால்ட் குளோரைடு கலந்திருக்கலாம், அது நஞ்சு. இவற்றைவிடக் கவனிக்க வேண்டியது, கடற்பாசி, அரிசி பிஸ்கட் போன்ற சில வெளிநாட்டுத் தின்பண்டங்களோடு வரும் வெள்ளைத் தூள் பொட்டலம். அதில் இருப்பது நீற்றாத சுண்ணாம்பு. சுட்ட சுண்ணாம்புக்கல்லில் தண்ணீர் ஊற்றினால் எப்படிக் கொதிக்கும் என்று பார்த்தவர்களுக்கு, எச்சில் பட்டால் வாய்க்குள் என்ன ஆகும் என்று விளக்க வேண்டாம். தூள் தோலில் கொட்டினால் முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, அப்புறம் குழாயைத் திறந்து நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் உடனே, குறைந்தது 20 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆனால் சாதுவான பொட்டலத்திலும் இந்தப் பொட்டலத்திலும் இருப்பது அதே ஒரு வரிதான். காரணம் சொல்லாத எச்சரிக்கை வேடிக்கையாகிப் போவதில் வியப்பில்லை.

ஆபத்தை வடிவமைப்பிலேயே நீக்குவது முதல் வழி. முடியாதபோது தடுப்பு, பூட்டு மூடி. எச்சரிக்கை வாசகம் கடைசிப் புகல். சட்டமும் எச்சரிக்கை அச்சிடுவதை நோக்கித் தள்ளுகிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84ஆம் பிரிவுப்படி, போதிய எச்சரிக்கை தராத தயாரிப்பாளர் இழப்புக்குப் பொறுப்பாகலாம். வெளிப்படையாகத் தெரியும் ஆபத்துக்கு அந்தப் பொறுப்பு இல்லை என்று 87ஆம் பிரிவு விலக்கும் தருகிறது. பிறகு ஏன் அச்சிடுகிறார்கள்? எது வெளிப்படை என்று தீர்மானிப்பது விபத்துக்குப் பிறகு, நுகர்வோர் ஆணையத்தின் முன்னால். வழக்குச் செலவோடு பார்த்தால் ஒரு வரி மை பெரிய செலவா? அதனால் எல்லாவற்றையும் அச்சிட்டுவிடுகிறார்கள், முக்கியமான வரி அந்தக் கும்பலில் தொலைந்துபோகிறது.

அப்படித் தொலையும் வரிகளில் ஒன்று, கழிப்பறை கழுவும் திரவத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ‘பிற பொருட்களுடன் கலக்காதீர்கள்’. இந்தத் திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுமார் 10 சதவீதம் இருக்கிறது. பிளீச்சிங் பவுடர் தூவிய தரையில், கறை இன்னும் நன்றாகப் போகட்டும் என்று இதையோ ஆசிட்டையோ ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். அது காற்றைவிடச் சுமார் இரண்டரை மடங்கு கனமானது, தரையை ஒட்டியே தங்கும். குனிந்து தேய்ப்பவரின் முகமும் அங்கேதான் இருக்கிறது. ஜப்பானில் 1980களின் பிற்பகுதியில் இப்படிக் கலந்து உயிர்ப்பலி நேர்ந்த பிறகு, புட்டியின் முகப்பிலேயே ‘கலக்காதே, ஆபத்து’ என்று பெரிய எழுத்தில் போட ஆரம்பித்தார்கள். நம் புட்டிகளுக்கும் அது வேண்டும். நெடி ஏறினால் கழுவிவிட நிற்காதீர்கள், கதவைத் திறந்துபோட்டு வெளியே வந்துவிடுங்கள். இருமலோ மூச்சுத்திணறலோ நிற்காவிட்டால் மருத்துவமனைக்குப் போங்கள். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் நடக்கும்.

வாசனை ஸ்ப்ரே டப்பாவில் ‘காலியான பின்னும் குத்தாதீர்கள், எரிக்காதீர்கள்’ என்று இருக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் சமையல் எரிவாயு வகை, திரவமாக அடைக்கப்பட்டது. அந்தத் திரவம் கொஞ்சம் மிச்சமிருந்தாலே போதும், உள்ளே இருக்கும் அழுத்தம், டப்பா முழுதாக இருந்தபோது இருந்ததைவிடப் பெரிதாகக் குறையாது. 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு படக் கூடாது என்று இருப்பதும் இதனால்தான். சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டு அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டும். டப்பாவை வெட்டவெளியில், பக்கத்தில் நெருப்பில்லாத இடத்தில் வைத்து, சீறல் அடங்கும்வரை மேலிருக்கும் பொத்தானை அழுத்துங்கள். பிறகு உலர்குப்பையில் போடலாம், கொளுத்தும் குப்பைமேட்டில் கூடாது.