கார்டு வாங்கும் முன் கேபினெட்டைத் திறந்து பாருங்கள்

"அண்ணா, பழைய சிஸ்டத்துக்குப் பதினஞ்சாயிரத்துக்குள்ள நல்ல கிராஃபிக்ஸ் கார்டு எதுங்க?" சர்வீஸ் கடைக்கு வரும் போன்களில் இது அன்றாடக் கேள்வி. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ் (உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை) மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வேன். பலருக்கு இது பிடிப்பதில்லை, நாம் ஒன்று கேட்டால் இவர் ஒன்று சொல்கிறாரே என்று வைத்துவிட்டு, ஆன்லைனில் ஆர்டர் போட்டு, அடுத்த வாரம் டப்பாவோடு வந்து நிற்பார்கள். புது கம்ப்யூட்டர் என்றால் கார்டை முதலில் முடிவு செய்து மற்றதை அதற்கேற்ப வாங்கலாம். பழைய பெட்டிக்கு எந்தக் கார்டு என்பது உள்ளே ஏற்கெனவே இருக்கும் சாமான்களைப் பொறுத்தது.

நம் ஊரில் அப்கிரேடுக்கு வரும் சிஸ்டம்கள் பெரும்பாலும் இரண்டு ரகம். ஒன்று, கம்பெனிகள் கழித்துவிட்டு ரீஃபர்பிஷ்டாக விற்பனைக்கு வரும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி, லெனோவோ ஆபீஸ் பெட்டிகள். இன்னொன்று, ஏழெட்டு வருடத்துக்கு முன் உள்ளூர்க் கடையில் அசெம்பிள் செய்தது. இரண்டுக்கும் கோளாறு வெவ்வேறு இடத்தில்.

அசெம்பிள் செய்த பெட்டியில் பிரச்சினை எஸ்எம்பிஎஸ்தான். கேபினெட்டோடு இலவசமாக வந்ததில் 450 வாட் என்று பெரிய எழுத்தில் இருக்கும். அந்த எழுத்தை விட்டுவிட்டு, கீழே கட்டம் போட்ட அட்டவணையில் +12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 14 ஆம்பியர் என்றால் 168 வாட். பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் அந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன, மீதிக் கணக்கெல்லாம் நமக்கு உதவாது. அந்த 168-ஐயும் இத்தனை வருடம் தூசி குடித்த ஒரு மலிவு எஸ்எம்பிஎஸ் முழுசாகக் கொடுக்கும் என்று நான் நம்ப மாட்டேன். 130 வாட் கார்டைப் போட்டால் டெஸ்க்டாப் வரும், யூடியூப் ஓடும், கேம் திறந்த ஐந்தாவது நிமிடம் சிஸ்டம் அப்படியே அணைந்துவிடும். உடனே கார்டு போச்சு என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள், கார்டில் ஒன்றுமே இருக்காது.

மதர்போர்டில் கார்டு உட்காரும் ஸ்லாட் 75 வாட் வரை கொடுக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி ஒயர் வர வேண்டும், 6 பின் என்றால் இன்னொரு 75 வாட், 8 பின் என்றால் 150. பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் இந்த ஒயர் இல்லையென்றால், அதை இந்த வேலைக்குச் செய்யவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேதான் நூறு ரூபாய் கன்வர்ட்டர் உள்ளே வருகிறது. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பவர் பிளக்கை 6 பின்னாக மாற்றித் தரும் ஒயர் அது. சாட்டா பிளக்கின் 12 வோல்ட் பின்கள் தாங்குவது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். அதில் 75 வாட் இழுத்தால் பிளாஸ்டிக் உருகும், உருகிக் கறுத்த பிளக்குகள் எங்களிடம் வருகின்றன. தயவுசெய்து அதை மட்டும் வாங்காதீர்கள்.

யுபிஎஸ்ஸையும் பாருங்கள். வீடுகளில் சாதாரணமாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் கொடுப்பது சுமார் 360 வாட், அதுவும் பேட்டரி புதிதாக இருக்கும்போது. பெரிய கார்டு போட்ட பிறகு கரண்ட் போனதும் யுபிஎஸ் கீ என்று கத்திவிட்டு அணைகிறது என்றால் காரணம் இதுதான்.

ஆபீஸ் பெட்டிகளின் கதை வேறு. எஸ்எம்பிஎஸ் தரமாக இருக்கும், அளவுதான் சின்னது. ஒல்லிப் பெட்டிகளில் 180, 240, 255 வாட் என்று பார்க்கலாம். பெரியதாக மாற்றலாம் என்றால், பல மாடல்களில் மதர்போர்டுக்குப் போகும் பிளக் வழக்கமான 24 பின் கிடையாது, பெட்டியில் எஸ்எம்பிஎஸ் உட்காரும் இடமும் தனி அளவு. சில பழைய ஒல்லிப் பெட்டிகளில் ஸ்லாட்டே 75 வாட் தராது, அந்த மாடலின் மேனுவலில் பார்த்துக்கொள்ள வேண்டும். எனவே இவற்றுக்குத் தனி ஒயர் கேட்காத கார்டு மட்டுமே பொருந்தும், ஒல்லிப் பெட்டி என்றால் அதிலும் லோ புரொஃபைல், அதாவது பாதி உயரக் கார்டு. பெட்டி பெரியதோ சின்னதோ, உள்ளே எத்தனை சென்டிமீட்டர் நீளம், எத்தனை ஸ்லாட் அகலம் இடமிருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை.

இந்த வட்டத்துக்குள் அடங்கும் கார்டுகள் விரல் விட்டு எண்ணக்கூடியவைதான். என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 2016-இல் வந்தது, 4 ஜிபி, 75 வாட். இதை இன்னும் பலர் கேட்கிறார்கள், நான் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன், அந்தத் தலைமுறைக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, இனி பாதுகாப்பு அப்டேட் மட்டும். 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 அதற்கு அடுத்த தலைமுறை, டிரைவர் இன்னும் வருகிறது, தனி ஒயர் கேட்காத மாடலாகப் பார்த்து செகண்ட் ஹேண்டில் எடுக்கலாம். புதிதாக வாங்குவதென்றால் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, 70 வாட். இதில் ஒரு குழப்பம் உண்டு. 3050 என்ற அதே பெயரில் 8 ஜிபி கார்டும் இருக்கிறது, அது 130 வாட், தனி ஒயர் வேண்டும், வேகமும் கூடுதல். யூடியூபில் 8 ஜிபியின் டெஸ்ட்டைப் பார்த்துவிட்டு 6 ஜிபியை வாங்கினால் ஏமாற்றம்தான், ஆனால் உங்கள் பெட்டிக்கு ஏற்றது அந்த 6 ஜிபியே.

ஏஎம்டி பக்கம் ஆர்எக்ஸ் 6400 இருக்கிறது, 53 வாட்தான், ஒல்லிப் பெட்டியிலும் உட்காரும். ஆனால் அது மதர்போர்டோடு பேசுவது நான்கே லேன், அதாவது டேட்டா போகும் நான்கே பாதைகள் வழியாக. ஸ்லாட் பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 ரகமாக உள்ள புது போர்டில் அது பெரிதாகத் தெரியாது, 3.0 இருக்கும் பழைய போர்டில் வேகம் குறையும். பழைய கம்ப்யூட்டருக்கென்றே செய்தது போன்ற கார்டு பழைய கம்ப்யூட்டரில்தான் மெதுவாக ஓடுகிறது, என்ன சொல்ல! தவிர, வீடியோவைச் சுருக்கிப் பதிவு செய்யும் என்கோடரும் அதில் கிடையாது, ஸ்ட்ரீமிங், எடிட்டிங் செய்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். இன்டெல் ஆர்க் கார்டுகள் விலைக்கு நல்ல பொருள், ஆனால் பயோஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்) ரீசைசபிள் பார், அதாவது கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரேயடியாக அணுகும் வசதி, இல்லாத போர்டில் அவை பாதி சத்தோடுதான் ஓடும், இன்டெல்லில் 10-ஆம் தலைமுறைக்கு முந்தைய போர்டு வைத்திருப்பவர்கள் அதை மறந்துவிடலாம்.

இதற்கெல்லாம் முன்னால், கார்டு வேண்டுமா என்று ஒரு கேள்வி இருக்கிறது. டாலி, ஆன்லைன் ஃபார்ம், வேர்டு, இதுதான் வேலை, சிஸ்டம் ஸ்லோ என்றால் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள், கார்டு ஒரு நொடியைக்கூட மிச்சப்படுத்தாது. கேம் ஆடுபவர்கள், இப்போது இருக்கும் கார்டோடு கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) 100 சதவீதத்தை ஒட்டி நின்றால் கார்டு மாற்றுவதில் பலன் இருக்கிறது. ஜிபியு 50, 60-இல் ஆடிக்கொண்டிருக்க, சிபியு (பிராசஸர்) முட்டிக்கொண்டு நின்றால் எந்தக் கார்டு போட்டாலும் அதே ஃபிரேம்தான் வரும். சிபியு மொத்தமாக 60 சதவீதம்தானே காட்டுகிறது என்று ஏமாறாதீர்கள், கிராஃபை லாஜிக்கல் பிராசஸர் வாரியாக மாற்றிப் பார்த்தால் ஒன்றிரண்டு கட்டம் மட்டும் உச்சியில் நிற்பது தெரியும். அப்புறம், இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5 வைத்திருப்பவர்களிடம் நான் பெரிய செலவு வேண்டாம் என்கிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது, விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது 8-ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல்.

கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் அதிகம் பணம் இழப்பவர்கள் அவர்கள். புதுக் கேமரா வாங்கி எச்.265 என்ற வீடியோ ஃபார்மட்டில் 10 பிட் 4:2:2 (நிற விவரத்தைக் கூடுதலாகப் பதியும் முறை) என்று ஷூட் செய்கிறார்கள், பிரீமியரில் டைம்லைன் இழுத்தால் திக்குகிறது, உடனே பெரிய ஆர்டிஎக்ஸ் கார்டு வாங்குகிறார்கள், பிறகும் திக்குகிறது. என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய எந்தக் கார்டிலும் 4:2:2-ஐப் பிரித்துக் காட்டும் வசதி ஹார்டுவேரில் இல்லை, 3060-ஓ 4070-ஓ, விலை எவ்வளவு கொடுத்தாலும் சரி. இன்டெல்லின் 11-ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட டெஸ்க்டாப் பிராசஸரில் உள்ளேயே இருக்கும் சாதாரண கிராஃபிக்ஸ் அதைச் செய்யும். அப்படிப்பட்ட பிராசஸர் இருந்து தனிக் கார்டும் போட்டிருந்தால், பயோஸில் உள் கிராஃபிக்ஸ் அணைந்திருக்கிறதா பாருங்கள், அதை ஆன் செய்தாலே செலவில்லாமல் தீர்ந்துவிடலாம். பிராசஸர் அதற்கும் பழையது என்றால், கேமராவில் நிற விவரம் குறைந்த 4:2:0-க்கு மாற்றி ஷூட் செய்யுங்கள் அல்லது பிராக்ஸி (எடிட்டுக்கு மட்டும் எடுக்கும் சின்ன நகல்) போட்டு எடிட் செய்யுங்கள், இரண்டும் இலவசம்.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்களுக்கு. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் முறை மாறி, கார்டு வைத்து அதை மைனிங் செய்வது (கணக்குப் போட வைத்து நாணயம் சம்பாதிப்பது) நின்றதும் அந்தக் கார்டுகள் சந்தைக்கு வந்தன. மைனிங் கார்டு என்றாலே வீண் என்று சொல்ல மாட்டேன், ஃபேனும் தெர்மல் பேஸ்ட்டும் மாற்றி நன்றாக ஓடுபவை உண்டு, விலையில் அது தெரிய வேண்டும், அவ்வளவுதான். என் கோபம் போலிகள் மேல். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய கார்டின் பயோஸை (கார்டுக்குள்ளேயே பெயர், விவரம் இருக்கும் மென்பொருள்) மாற்றி எழுதி 1050 டிஐ என்று விற்கிறார்கள், விண்டோஸும் அதையே நம்பிக் காட்டும். இலவசமாகக் கிடைக்கும் ஜிபியு-இசட் மென்பொருளை ஓட்டினால் பெயருக்கு முன்னால் ஃபேக் என்றே போட்டுவிடும். போட்டோவிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி, பின்பக்கம் நீல நிற விஜிஏ போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். என்விடியா 10 வரிசையிலேயே விஜிஏ-வுக்கு வேண்டிய அனலாக் வெளியீட்டை எடுத்துவிட்டது, 1050 டிஐ-யில் விஜிஏ இருந்தால் தொடவே தொடாதீர்கள்.

போலி அல்லாத ஏமாற்றும் உண்டு. ஆர்எக்ஸ் 580 என்று மலிவாக வரும் பலவற்றில் சின்னதாக 2048 எஸ்பி என்று இருக்கும், நிஜ 580-இல் 2304 கோர், இதில் 2048, அதாவது உள்ளே இருப்பது 570. ஜிடி 1030-ஐ டிடிஆர்4 மெமரியோடும் விற்கிறார்கள், ஜிடிடிஆர்5 உள்ளதில் நொடிக்கு 48 ஜிபி போகும் இடத்தில் இதில் 17-ஐக்கூடத் தொடாது, பெயர் மட்டும் ஒன்றே. ஜிடி 710, 730 இரண்டையும் 4 ஜிபி, 2 ஜிபி என்று காட்டி விற்பார்கள், மதர்போர்டில் மானிட்டர் மாட்டும் போர்ட் கெட்டுப்போனால் அதற்கு மாற்றாக வேண்டுமானால் போடலாம், கேமுக்கு வேண்டாம்.

கையில் வாங்கும்போது விற்பவர் முன்னாலேயே ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளைப் பதினைந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள், திரையில் புள்ளி, கோடு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். புதுக் கார்டு என்றால் ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பர் ஏற வேண்டும், பில் இல்லாமல் 18 சதவீதம் குறைத்துத் தருகிறேன் என்பவர் வாரன்டியையும் சேர்த்துத்தான் குறைக்கிறார். வீட்டில் மாட்டியதும், மானிட்டர் கேபிளைக் கார்டின் போர்ட்டில் சொருகுங்கள், மதர்போர்டின் போர்ட்டில் அல்ல. சிரிக்காதீர்கள், "புதுக் கார்டு போட்டும் ஒரு வித்தியாசமும் இல்லை" என்று சிஸ்டத்தைத் தூக்கிக்கொண்டு வருபவர்களில் சிலருக்கு நாங்கள் செய்யும் சர்வீஸ் அந்தக் கேபிளை மாற்றிச் சொருகுவது மட்டும்தான்.