பிசினோசிஸ்: பஞ்சுத்தூசி நோய்

மருத்துவச் சீட்டில் 'பிசினோசிஸ்' என்ற பெயரைப் பார்த்ததும் பிசினை நினைத்துக்கொள்ள வேண்டாம். பஞ்சுத் தூசியை மூச்சில் இழுப்பதால் வரும் நுரையீரல் நோய் இது. 'பிசோஸ்' என்றால் கிரேக்கத்தில் மெல்லிய துணி, பெரும்பாலும் ஆளி நாரில் நெய்தது. 'ஓசிஸ்' நோய்நிலையைக் குறிக்கும் ஒட்டு. இரண்டையும் சேர்த்து 1877இல் பெயரிட்டவர் பிரெஞ்சு மருத்துவர் அட்ரியன் ப்ரூஸ்ட். நாவலாசிரியர் மார்செல் ப்ரூஸ்டின் தந்தை.

1888இல் கோவையில் முதல் நூற்பாலை வந்தது. பிறகு நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் வரவே கொங்கு நாடெங்கும் ஆலைகள் பெருகின. பேல் எனும் பஞ்சுப் பொதியைப் பிரிக்கும் புளோ ரூமிலும், பஞ்சைச் சீவி இழைகளாக்கும் கார்டிங்கிலும்தான் தூசி அதிகம். ஷிப்ட் முடிந்து வருபவரின் புருவத்தில்கூடப் பஞ்சு படிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியும் அந்தப் பஞ்சைவிட மூச்சுக்குழலின் ஆழம்வரை செல்லும் நுண்தூசியே ஆபத்தானது. அதில் ஒட்டியிருக்கும் பாக்டீரிய நச்சுப்பொருள் மூச்சுக்குழல்களைச் சுருங்க வைக்கிறது என்று கருதுகிறார்கள்.

விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள், சில மணி நேரத்தில் நெஞ்சைப் பிடிக்கும். இருமலும் இளைப்பும் வரும். மறுநாள் குறையும். ஆங்கிலேயர் இதைத் 'திங்கட்கிழமைக் காய்ச்சல்' என்றார்கள். இங்கே அந்தப் பெயர் ஒத்துவராது. வார விடுமுறை ஆளுக்கொரு நாளாக இருக்கும் ஆலையில், செவ்வாய் விடுமுறைக்காரருக்குப் புதன்தான் 'திங்கள்'. ஆண்டுகள் செல்லச் செல்ல இறுக்கம் வாரம் முழுவதும் நீடிக்கும். கடைசியில் வேலையை விட்டாலும் விடாது. புகைப்பவருக்கு இன்னும் மோசம்.

ஆஸ்துமாவிலும் இளைப்பு உண்டு; ஆனால் அது இரவிலும் விடியலிலும் மிகுவது வழக்கம். வார விடுமுறைக் கணக்கு பொதுவாக அதற்குக் கிடையாது. இரண்டு வாரம் தாண்டிய இருமல், மாலைக் காய்ச்சல், எடை இழப்பு, சளியில் இரத்தம் என்றால் காசநோய்ப் பரிசோதனைதான் முதல் வேலை. பிசினோசிஸை எக்ஸ்ரேயை மட்டும் வைத்து உறுதிசெய்ய முடியாது. ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஊதிப் பார்க்கும் மூச்சுத்திறன் சோதனை உதவும்.

தமிழில் 'பஞ்சு நுரையீரல்' என்றும் எழுதுகிறார்கள். நுரையீரலில் பஞ்சு அடைத்திருப்பதாக எண்ண வைக்கும் சொல் அது. 'பஞ்சுத்தூசி நோய்' காரணத்தையே சொல்கிறது. எனக்கு அதுவே சரியாகப் படுகிறது. தொழிலாளர் காப்பீட்டுக்கான தொழில்நோய்ப் பட்டியலில் இது உண்டு. எனவே எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு வேலை பார்த்தோம் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும்.