இரும்பு இருந்தும் வரும் ரத்தசோகை

ஒரு ரத்தப் பரிசோதனை அறிக்கையிலிருந்து தொடங்குவோம். 32 வயதுப் பெண். ஹீமோகுளோபின் 6.1 கிராம். ரெட்டிகுலோசைட் 12 சதவீதம். மறைமுக பிலிருபின் (சிவப்பணு உடைந்து வரும் மஞ்சள் நிறமி, கல்லீரல் இன்னும் கையாளாதது) 3.4. எல்டிஎச், அதாவது செல்கள் சிதையும்போது ரத்தத்தில் கசியும் என்சைம், இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினில் குறை இல்லை. கண்ணில் லேசாக மஞ்சள். இது பாடத்துக்காக எழுதிக்கொண்ட அறிக்கைதான். ஆனால் இதே அச்சில் ஒன்றைப் பொது மருத்துவ வார்டுப் பயிற்சியில் நீங்கள் கட்டாயம் பார்ப்பீர்கள்.

நம் ஊரில் ரத்தசோகை என்றதும் கை தானாக இரும்புச்சத்து மாத்திரைக்குப் போகும். அதைக் குறை சொல்லவும் முடியாது. 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு இரும்புக் குறைவு பெரிய காரணம். ஆனால் மேலே சொன்ன பெண்ணுக்கு இரும்பு மாத்திரை கொடுத்து ஒரு பயனும் இல்லை. அவர் உடம்பில் இரும்பு இருக்கிறது. அவருடைய நோய் எதிர்ப்பு மண்டலமே சிவப்பணுக்களை அழித்துக்கொண்டிருக்கிறது.

நோய் எதிர்ப்பு மண்டலத்தால் வரும் ரத்தசோகைகளைப் பாடப்புத்தகம் தனித்தனி அத்தியாயங்களில் பிரித்து வைத்திருக்கும். படிக்கும்போது ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும். எனக்குத் தெரிந்து இவற்றைக் கோத்துப் பார்க்க எளிய வழி ரெட்டிகுலோசைட் எண்ணிக்கைதான். செலவு குறைந்த பரிசோதனை, ஆனால் பல நேரம் எழுதவே மறந்துபோகிறார்கள்.

ரெட்டிகுலோசைட் என்பது எலும்பு மஜ்ஜையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த இளம் சிவப்பணு. ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் ஓடும். வயதானவற்றை மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள மேக்ரோஃபேஜ் செல்கள் விழுங்கி, உள்ளே இருக்கும் இரும்பைப் பிரித்து மஜ்ஜைக்குத் திருப்பி அனுப்புகின்றன. இப்படி ஒரு நாளைக்குத் திரும்பும் இரும்பு 20 முதல் 25 மில்லிகிராம். சாப்பாட்டிலிருந்து நாம் உறிஞ்சுவதோ 1, 2 மில்லிகிராம்தான். மஜ்ஜை விநாடிக்கு இருபது லட்சத்துக்கு மேல் புதுச் சிவப்பணுக்களை வெளியே விடுகிறது. ரத்தம் குறைந்தால் சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து மஜ்ஜையை முடுக்கும், ரெட்டிகுலோசைட் ஏறும். ஏறினால் மஜ்ஜை தன் வேலையைச் செய்கிறது, செல்கள் வெளியேதான் எங்கேயோ தொலைகின்றன என்று பொருள். ஏறாவிட்டால் கோளாறு உற்பத்தியில்.

நம் பெண்ணுக்கு 12 சதவீதம். வழக்கமான அளவு இரண்டரைக்குள் இருக்கும். ரத்தப்போக்கு எங்கேயும் இல்லை. அப்படியானால் செல்கள் உடைகின்றன.

யார் உடைப்பது? உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் என்பதை ஒரு காலத்தில் பெரிய ஆட்களே நம்பவில்லை. ஜெர்மன் விஞ்ஞானிகள் பால் எர்லிச்சும் மோர்கன்ராத்தும் 1900 வாக்கில் ஆடுகளுக்கு வேறு ஆடுகளின் ரத்தத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். அந்நிய ஆட்டின் சிவப்பணுக்களை உடைக்கும் ஆன்டிபாடிகள் (நோய் எதிர்ப்பு மண்டலம் செய்யும் தாக்குப் புரதங்கள்) உருவாயின. சொந்தச் சிவப்பணுக்களை அவை தொடவில்லை. தன்னைத் தானே நஞ்சாக்கிக்கொள்ள உடம்பு அஞ்சும் என்று எர்லிச் முடிவு கட்டினார். நான்கு ஆண்டுகூடப் போகவில்லை. 1904இல் வியன்னாவில் டோனத்தும், ரத்த வகைகளைக் கண்டுபிடித்த அதே லாண்ட்ஸ்டைனரும், குளிரில் அடிபட்டால் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும் நோயாளிகளின் ரத்தத்தை எடுத்தார்கள். குளிர வைத்துப் பிறகு உடல் வெப்பத்துக்குக் கொண்டுவந்தபோது சிவப்பணுக்கள் உடைந்தன. நோயாளியின் சொந்த ஆன்டிபாடி குளிரில் போய் ஒட்டி, சூட்டில் உடைத்திருக்கிறது. எர்லிச்சின் பெயர் அவ்வளவு பெரியது, இந்தச் சான்று கண்முன் இருந்தும் தன்னுடல் தாக்கு நோய் என்ற கருத்து வேர்பிடிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

இன்று வார்டில் அதிகம் பார்ப்பது வேறு வகை. உடல் வெப்பத்திலேயே ஒட்டும், ஐஜிஜி என்ற வகை ஆன்டிபாடியால் வருவது, அதனால் வெப்ப வகை. லூபஸ் என்ற தன்னுடல் தாக்கு நோய், நாள்பட்ட லிம்ஃபாய்டு ரத்தப் புற்றுநோய், சில மருந்துகள் ஆகியவற்றோடு வரும். பாதிப் பேருக்குப் பின்னணிக் காரணமே தெரியாது. இதில் ஆன்டிபாடி சிவப்பணுவை நேரடியாக உடைப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். அது ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். மண்ணீரல் வழியாகப் போகும்போது அங்குள்ள மேக்ரோஃபேஜ் ஐஜிஜியின் வாலைப் பிடித்துக்கொள்ளும். சில நேரம் செல்லை முழுதாக விழுங்கும். பல நேரம் மேலுறையில் ஒரு துண்டை மட்டும் கடித்து எடுத்துவிட்டு விட்டுவிடும்.

அந்தத் துண்டு போனதுதான் வினை. இயல்பான சிவப்பணு நடுவில் அமுங்கியது. உள்ளே இருக்கும் சரக்கைவிட மேலுறை தாராளம், அதனால் எப்படியும் வளைந்துகொடுக்கும். பாதி ஊதிய பலூனைச் சின்ன சந்தில் திணிக்கலாம், முழுக்க ஊதியதைத் திணிக்க முடியாது. மேலுறையை இழந்த செல் உருண்டையாகிவிடுகிறது. ரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பார்த்தால் மற்ற செல்களைவிடச் சிறிதாக, நடுவெளிறல் இல்லாமல், அடர்சிவப்பாகத் தெரியும். இதுதான் ஸ்ஃபெரோசைட். மண்ணீரலின் குறுகிய இடுக்குகளில் அடுத்த சுற்றில் சிக்கிக்கொள்ளும், மிச்சக் கதையும் அங்கேயே முடியும்.

இந்த உடைப்பு ரத்தக் குழாய்க்கு வெளியே நடக்கிறது. ஹீம் பிலிருபினாக மாறி, கல்லீரல் கையாளும் வேகத்தை மிஞ்சுகிறது. கண் மஞ்சளாகும். ஆனால் மறைமுக பிலிருபின் ஆல்புமினோடு ஒட்டியிருப்பதால் சிறுநீரில் இறங்காது. பித்தக்குழாய் அடைப்புக் காமாலையில் சிறுநீர் அடர்மஞ்சளாகவும் மலம் வெளிறியும் போகும். இங்கே மலத்தின் நிறம் குறையாது. காமாலை நோயாளியிடம் மலத்தின் நிறம் கேட்பது அசட்டுக் கேள்வி இல்லை.

ஐஜிஎம் என்ற இன்னொரு வகை ஆன்டிபாடியின் வழி வேறு, இது குளிர் வகை. மைக்கோபிளாஸ்மா நிமோனியாவுக்குப் பிறகோ, வயதானவர்களில் நிண அணுக் கோளாறோடோ வரும். விரல், மூக்கு, காது என்று உடம்பில் குளிர்ந்த இடங்களில் செல்களைப் பிடித்துத் திரட்டும். விரல் நுனி நீலம் பாயும். ரத்தம் மையத்துக்குத் திரும்பிச் சூடானதும் ஐஜிஎம் கழன்றுவிடும். ஆனால் போவதற்குள், கிருமிகளைத் துளைக்க ரத்தத்தில் இருக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்களைச் செல்லின் மேல் ஏற்றிவிட்டுப் போகும். அவற்றில் ஒன்றான சி3பி ஒட்டிய செல்களைக் கல்லீரலின் மேக்ரோஃபேஜ்களான குப்ஃபர் செல்கள் விழுங்கும். காம்ப்ளிமென்ட் கடைசிப் படிவரை போனால் செல்லில் ஓட்டை விழுந்து ரத்தக் குழாய்க்குள்ளேயே வெடிக்கும். அப்போது ஹீமோகுளோபின் நேராகச் சிறுநீரில் இறங்கும், நிறம் கடுங்காப்பி. சிறுநீரில் டிப்ஸ்டிக் என்ற பரிசோதனைப் பட்டையை வைத்தால் ரத்தம் இருக்கிறது என்று காட்டும். நுண்ணோக்கியில் ஒரு சிவப்பணுவும் இருக்காது.

இந்த வகை நோயாளியின் மாதிரி ஆய்வகத்துக்குப் போகும் வழியில் ஆறினால் குழாய்க்குள்ளேயே செல்கள் திரண்டுவிடும். கருவி இரண்டு மூன்று செல்லை ஒன்றாக எண்ணும். எம்சிவி (செல்லின் சராசரி அளவு) விண்ணைத் தொடும், எம்சிஎச்சி (செல்லுக்குள் ஹீமோகுளோபின் அடர்த்தி) நடக்கவே முடியாத அளவுக்கு வரும். அறிக்கை அபத்தமாக இருந்தால் கருவியைத் திட்டுவதற்கு முன் மாதிரியை 37 டிகிரியில் வைத்து மறுபடி ஓட்டச் சொல்ல வேண்டும். ரத்தம் எடுப்பவரே சூடு குறையாமல் அனுப்பிவிட்டால் இந்த அலைச்சல் இல்லை.

சரி, செல்லின் மேல் ஆன்டிபாடி இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஐஜிஎம் பெரியது, தானே செல்களைத் திரட்டிக் காட்டிவிடும். ஐஜிஜி சிறியது. சிவப்பணுக்கள் ஒன்றையொன்று விலக்கும் மின்சுமை கொண்டவை, அந்த இடைவெளியைத் தாண்டி இரண்டு செல்லைப் பிடிக்க ஐஜிஜிக்குக் கை எட்டாது. 1945இல் கேம்பிரிட்ஜில் கூம்ஸ், மூரண்ட், ரேஸ் மூவரும் இதற்கு ஒரு வழி செய்தார்கள், அதுதான் கூம்ஸ் பரிசோதனை. கூம்ஸ் படித்தது கால்நடை மருத்துவம். மனிதக் குளோபுலினை (ஐஜிஜி அடங்கிய ரத்தப் புரதம்) முயலுக்குச் செலுத்தினால் முயல் அதற்கு எதிராக ஆன்டிபாடி செய்யும். அதை எடுத்து, கழுவிய சிவப்பணுக்களோடு சேர்த்தால், செல் மேல் ஒட்டியிருக்கும் ஐஜிஜிகளுக்கு இடையே பாலம் போட்டு எல்லாவற்றையும் திரட்டிவிடும். முதலில் உப்புநீரில் நன்றாகக் கழுவாவிட்டால் பிளாஸ்மாவில் மிதக்கும் ஐஜிஜியே அந்த முயல் ஆன்டிபாடியை முழுக்கத் தின்றுவிடும், முடிவு பொய்யாக நெகட்டிவ் வரும்.

இந்த நோயாளிக்கு ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் ரத்த வங்கிக்குத் தலைவலி ஆரம்பம். அவருடைய ஆன்டிபாடி ஏறக்குறைய எல்லோருடைய சிவப்பணுவிலும் இருக்கும் ஒன்றைக் குறிவைப்பதால் எந்தப் பையும் கிராஸ் மேட்ச் (ஏற்றும் முன் செய்யும் பொருத்தச் சோதனை) ஆகாது. ஆனால் உண்மையான ஆபத்து அதற்கு அடியில் மறைந்திருக்கலாம். முந்தைய பிரசவத்திலோ ரத்தம் ஏற்றியதிலோ உருவான, அந்நிய ரத்தத்துக்கு எதிரான இன்னொரு ஆன்டிபாடி. எத்தனை பிரசவம், கருச்சிதைவு உண்டா, முன்பு ரத்தம் ஏற்றினார்களா என்று நீங்கள் கேட்டு எழுதும் நான்கு வரி அதனால்தான் ரத்த வங்கிக்குத் தங்கம். உயிருக்கு ஆபத்து என்றால் கிராஸ் மேட்ச் ஆகவில்லை என்பதற்காகக் காத்திருக்க மாட்டார்கள், இருப்பதில் குறைவாக ஒவ்வாததை ஏற்றுவார்கள். முதல் 15 நிமிடம் படுக்கையை விட்டு நகராதீர்கள். காய்ச்சல், இடுப்பு வலி, சிறுநீர் நிறம் மூன்றையும் பாருங்கள். குளிர் வகை என்றால் ரத்தத்தை வார்மர் வழியாகத்தான் ஏற்ற வேண்டும். பையை வெந்நீரில் போட்டுச் சூடாக்கினால் உடைவது பைக்குள்ளேயே நடந்துவிடும்.

மருந்தும் வகைக்கேற்ப மாறும். வெப்ப வகைக்கு ஸ்டீராய்டு, கேட்காவிட்டால் ஆன்டிபாடி உற்பத்திக்கு மூலமான பி செல்களை ஒழிக்கும் ரிட்டக்ஸிமேப், கடைசியாக மண்ணீரலை எடுப்பது. எடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பாவது நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சா பி) கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசிகள் போட வேண்டும். குளிர் வகையில் ஸ்டீராய்டுக்கோ மண்ணீரல் அறுவைக்கோ பெரிய பலன் கிடையாது. உடைக்கும் வேலை கல்லீரலில் நடக்கும்போது மண்ணீரலை எடுத்து என்ன ஆகப்போகிறது? இரண்டு வகையிலும் மஜ்ஜை இரட்டிப்பு வேலை செய்வதால் ஃபோலிக் அமிலம் தீர்ந்துபோகும், அதைக் கொடுப்பார்கள். ரத்தம் உறையும் ஆபத்தும் கூடுகிறது. நோயாளிக்கு ஒரு கால் மட்டும் வீங்கினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி ரெட்டிகுலோசைட் ஏறாத பக்கம். இங்கே நோய் எதிர்ப்பு மண்டலம் சிவப்பணுவைத் தொடுவதே இல்லை, கச்சாப்பொருளைத் தடுக்கிறது.

முதலாவது இரும்பு. காசநோய், முடக்குவாதம், நாள்பட்ட சீழ்ப்புண் என்று அழற்சி நீடித்தால் இன்டர்லூகின்-6 என்ற அழற்சிச் செய்திப் புரதம் கல்லீரலை முடுக்கி ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்க வைக்கும். செல்லிலிருந்து இரும்பு வெளியேற இருக்கும் ஒரே வாசல் ஃபெரோபோர்ட்டின். ஹெப்சிடின் அதை அழித்துவிடும். குடல் உறிஞ்சிய இரும்பு குடல் செல்லிலேயே நின்றுவிடும், மேக்ரோஃபேஜ் சேர்த்த 20, 25 மில்லிகிராமும் வெளியே வராது. கிருமிக்கும் இரும்பு வேண்டும் என்பதால் இது குறுகிய காலத்துக்கு நல்ல தந்திரம். மாதக்கணக்கில் நீண்டால் மஜ்ஜை பட்டினி. சீரம் இரும்பு குறைவு என்பதைப் பார்த்து இரும்புக் குறைவு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஃபெரிட்டின் கூடுதலாகவும் டிஐபிசி (ரத்தம் இரும்பைச் சுமக்கக்கூடிய மொத்தத் திறன்) குறைவாகவும் இருந்தால் இரும்பு உள்ளே பூட்டிக் கிடக்கிறது. மாத்திரையைத் திணித்தால் மலச்சிக்கல்தான் மிச்சம், அழற்சியைத்தான் அடக்க வேண்டும்.

இரண்டாவது வைட்டமின் பி12. இரைப்பையின் சுவரில் உள்ள பெரைட்டல் செல்களையும், பி12 உறிஞ்சப்பட அவை சுரக்கும் இன்ட்ரின்சிக் ஃபேக்டரையும் நோய் எதிர்ப்பு மண்டலம் தாக்கினால், சாப்பிட்ட பி12 சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஏறாது. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் தெரிய வரச் சில ஆண்டுகள் ஆகும். பெர்னீஷியஸ் அனீமியா எனப்படும் இது ஒரு காலத்தில் உயிர்க்கொல்லி. 1926இல் பாஸ்டனில் மைனாட்டும் மர்ஃபியும் 45 நோயாளிகளுக்குத் தினமும் நிறைய ஈரல் சாப்பிடக் கொடுத்துத் தேற்றிக் காட்டினார்கள், 1934இல் இன்னொரு அமெரிக்க ஆய்வாளர் விப்பிளோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. ஈரல் ஏன் இவ்வளவு வேண்டியிருக்கிறது, மாட்டிறைச்சி ஏன் போதவில்லை என்று கேட்ட வில்லியம் காஸ்லின் சோதனை கொஞ்சம் குமட்டும். அவர் மாட்டிறைச்சியைச் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் தானே வாந்தியெடுத்து, அதைப் பதப்படுத்திக் குழாய் வழியே நோயாளிக்குக் கொடுத்தார். வெறும் இறைச்சிக்கு அசையாத ரெட்டிகுலோசைட் இதற்கு ஏறியது. நலமான வயிற்றில் ஏதோ ஒன்று சுரக்கிறது என்பது அப்படித்தான் தெரிந்தது.

இந்த நோயில் எல்டிஎச் மிக அதிகம், மறைமுக பிலிருபினும் கொஞ்சம் கூடும். டிஎன்ஏ செய்ய முடியாத பெரிய செல்கள் மஜ்ஜையைத் தாண்டும் முன்பே செத்துவிடுவதே காரணம். பார்த்தால் ரத்தம் உடையும் நோய் போலவே இருக்கும். ரெட்டிகுலோசைட் குறைவாக இருப்பது ஒன்றுதான் உடனே காட்டிக்கொடுக்கும். கால் மரத்துப் போகிறதா, கண்ணை மூடினால் தள்ளாடுகிறாரா என்று பாருங்கள். பி12 இல்லாமல் ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ஹீமோகுளோபின் ஏறிவிடும், நரம்பு கெட்டுக்கொண்டே போகும். பி12இன் சிவப்பு நிற ஊசியைப் போட ஆரம்பித்த மூன்று நான்கு நாளில் ரெட்டிகுலோசைட் ஏறத் தொடங்கி ஒரு வாரத்தில் உச்சிக்குப் போகும். புதுச் செல்கள் பொட்டாசியத்தை இழுத்துக்கொள்வதால், கடுமையான ரத்தசோகை இருந்தவருக்கு அந்த நாள்களில் பொட்டாசியத்தையும் பார்க்க வேண்டும்.

வார்டில் இவை தனித்தனியாகவும் வராது. ஒரு லூபஸ் நோயாளிக்கு ஆன்டிபாடி செல்லை உடைக்கலாம், கூடவே அழற்சி இரும்பைப் பூட்டலாம், வலி மாத்திரையால் வயிற்றில் ரத்தம் கசியலாம். அப்போது செல்கள் உடைந்தும் ரெட்டிகுலோசைட் எதிர்பார்த்த அளவு ஏறாது. கூம்ஸ் பாசிட்டிவ் என்பதாலேயே உடைகிறது என்றும் சொல்ல முடியாது. கர்ப்பகால ரத்த அழுத்தத்துக்கு மெத்தில்டோபா சாப்பிடும் பெண்களில் சிலருக்கு ஹீமோகுளோபின் அசையாமலே கூம்ஸ் பாசிட்டிவ் வரும். அவர்களுக்கு இதற்கென்று மருத்துவம் எதுவும் தேவையில்லை. ஆனால் பிரசவத்துக்கு ரத்தம் ஏற்பாடு செய்யும் படிவத்தில் அந்த மாத்திரையின் பெயரை எழுதிவிடுங்கள், கிராஸ் மேட்ச் செய்பவருக்கு அரை நாள் மிச்சமாகும்.